தோட்டப்புறச் சிறு நகரத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு நாடக வாய்ப்பு எங்கே கிடைக்கும்?

மகள் மூன்றாம் படிவம், சுங்கை சிப்புட் பக்கம் பள்ளி, நடிப்பென்றால் உயிர், ஆனால் பள்ளியில் நாடக மன்றம் கிடையாது, கோலாலம்பூருக்குப் போனால்தான் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் போக வேண்டாம் சகோதரி. ரயிலில் போக வர ஒரு நாளே போய்விடும், அந்த நேரத்தில் ஊரிலேயே ஒரு நாடகத்துக்குப் பாதி ஒத்திகை முடித்துவிடலாம்.

'நாடக மன்றம்' என்று பலகை தொங்கும் பள்ளி அபூர்வம். நாடகம் வேறு பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும். கல்வி அமைச்சு இடைநிலைப்பள்ளிகளுக்கு ஆங்கில நாடகப் போட்டி நடத்துகிறது, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போகும். அதன் கடிதம் ஆங்கிலப் பணித்தியத் தலைவரிடம், அதாவது ஆங்கிலப் பாட ஆசிரியர் குழுவின் தலைவரிடம், வந்து சேரும். சில பள்ளிகளில் அவர் மேசையோடு நின்றும் போகும். அதனால் பள்ளி திறந்த முதல் மாதமே, 'இந்த வருடம் கலந்துகொள்கிறோமா சிக்கு (டீச்சர்)?' என்று மகளையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டால் பதில் வராது. தமிழ் வகுப்பு இருந்தால் தமிழ்மொழிக் கழகம் இரண்டாவது வாசல். வகுப்பே இல்லையென்றால், 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் வசதி செய்து தரவேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் சொல்கிறது. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வின் தமிழ் இலக்கியப் பாடத்தில் நாடகமும் ஒரு பகுதி. அதைப் பாராயணம் பண்ணுவதற்குப் பதில் எழுந்து நின்று நடித்துப் பார்க்கலாம், எந்த ஆசிரியரும் தடுக்கமாட்டார்.

'படிப்பு கெட்டுவிடும்' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. போட்டிச் சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினால் மட்டும் அந்தப் பத்தில் ஏறாது. நகலைப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்து, அவர் அதைப் பதிவில் ஏற்றிவிட்டாரா என்று அந்த வாரமே கேளுங்கள். வருடக் கடைசியில் போய் நின்றால் பதிவு மூடியிருக்கும்.

மூன்றாவது வாசல்தான் என்னைக் கேட்டால் சிறந்தது: தோட்டத்து டேவான், அதாவது பொது மண்டபம். எட்டுப் பத்துப் பிள்ளைகள், கோயில் திருவிழாவிலோ பொங்கல் விழாவிலோ 15 நிமிடம். ஒரு காலத்தில் தோட்டங்களில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் நடக்கும். இப்போது அந்த மேடையில் சினிமாப் பாட்டைப் போட்டு ஆறு குழு ஒரே ஆட்டம் ஆடுகிறது. ஆடுகிற பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வரவேண்டாம். நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்களைத்தான் சொல்கிறேன். கல்யாணத்துக்கும் கரோக்கேவுக்கும் திறக்கிற டேவான் பிள்ளைகளின் ஒத்திகைக்கு மட்டும் திறக்காது. சாவி யாரோ ஒருவர் இடுப்பில் இருக்கும், அவர் எப்போதும் வெளியூரில் இருப்பார். தேதி, நேரம், பொறுப்பாளர் இருவர் பெயர் என்று எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு அந்த வாரத்தோடு மறந்துபோகும்.

பிரதியைப் பிள்ளைகளே எழுதட்டும். ஏ4 தாளில் வசனம் ஒரு பக்கம் வாசிக்க ஒரு நிமிடம், நடமாட்டத்தோடு நடிக்கும்போது ஒன்றரை நிமிடம் ஆகும். ஆக 15 நிமிடத்துக்கு 10 பக்கத்தைத் தாண்டக்கூடாது. போட்டியென்றால் விதிமுறைத் தாளில் உள்ள நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்தே எழுதுங்கள், அரங்கம் சிரிக்கிற நேரமும் கணக்கில் சேரும். தயவுசெய்து குடிகார அப்பா வேண்டாம். பால்மரக் (ரப்பர்) காட்டில் ஆரம்பித்து சாராயப் போத்தலில் முடியும் நாடகத்தை நடுவர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டார்கள். பள்ளி வேன் பழுதாகி நடுரோட்டில் நின்ற காலை நேரமே 15 நிமிடத்துக்குத் தாராளம்.

ஒத்திகை ஆறு வாரம், வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து வாசிப்பு மட்டும். அடுத்த இரண்டு வாரம் யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் நுழைவது. ஐந்தாம் வாரம் தாள் கையில் இருக்கக்கூடாது. ஆறாம் வாரம் உடையும் பொருளும் சேர்த்து, கடிகாரம் பார்த்து. பெரும்பாலும் கெடுவது இந்தப் பொருள் விஷயத்தில்தான். காண்டாக்கம்பில் (தோளில் சுமக்கும் கம்பு) இரண்டு வாளி மாட்டி நடக்கிற காட்சியை ஐந்து வாரம் வெறுங்கையோடு பழகிவிட்டு, நிகழ்ச்சியன்று கம்பைத் தோளில் வைத்தால் திரும்பும்போது பக்கத்தில் நிற்பவன் முகத்தில் இடிக்கும். கம்பும் வாளியும் மூன்றாம் வாரமே வந்துவிட வேண்டும். பால் வெட்டும் உளி மட்டும் அட்டையில் செய்ததாக இருக்கட்டும், உண்மையான உளியைப் பள்ளி அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. முக்கிய வேடம் இரண்டுக்கும் மாற்றாள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படிவப் பிள்ளைகள் எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வு நெருங்கியதும் காணாமல் போவார்கள், அது அவர்கள் தப்பில்லை.

குரலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் தோற்பது இங்கேதான். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆமாவா இல்லையா என்பதே வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. 'நான் நாளைக்கு வேலைக்குப் போகல' என்று சொல்லும்போது மூச்சு 'வேலைக்கு' என்ற இடத்திலேயே தீர்ந்து, 'போகல' உதட்டுக்குள் போய்விடும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அவன் போகிறானா இல்லையா தெரியாது, அடுத்த பத்து வசனமும் புரியாது. மருந்து இதுதான்: ஒருவரைக் கடைசி நாற்காலிக்குப் பின்னால் நிறுத்துங்கள். ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லை மட்டும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத இடத்தில் மூச்சு எடுக்கும் புள்ளியை நடுவில் நகர்த்துங்கள். கத்தச் சொல்லாதீர்கள், கத்தினால் மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிடும். ஆங்கில நாடகத்தில் சொல்லின் கடைசி மெய்யெழுத்து விழும், அதற்கும் இதே பயிற்சி போதும்.

கையில் மைக் பிடித்து நடிக்க வைப்பதை விட்டுவிடுங்கள், ஒரு கை போனால் பாதி நடிப்பு போச்சு. இருநூறு பேர் டேவானுக்குப் பழகிய குரல் எட்டும். பாட்டுக்கு மட்டும் ஒலிபெருக்கி. அதை மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் பார்த்தபடி வையுங்கள். பின்னால் வைத்தால் கீச்சென்று கத்தும். தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் எந்தக் குரலும் எடுபடாது. மாலை நாலு மணிக்கு மேல் நம் பக்கத்து மழை தெரிந்ததுதானே, நிகழ்ச்சியை இரவு எட்டுக்கு வையுங்கள். அப்படியும் வந்தால் நின்ற இடத்தில் உறைந்து நிற்கப் பழக்குங்கள், குறைந்ததும் கடைசி வசனத்திலிருந்து தொடரலாம்.

விளக்குக்கு ஹார்டுவேர் கடையில் 50 வாட் எல்.இ.டி. ஃபிளட் லைட் இரண்டு போதும். மேடைக்கு முன்னால் இரு மூலையிலும், ஆளுயரத்துக்கு மேலே சாய்வாகக் கட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் வாங்காமல் மஞ்சள் கலந்ததை, 3000 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நம் கறுப்பு முகம் வெள்ளை வெளிச்சத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று பவுடரை அப்பி, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாகப் பிள்ளைகளை ஏற்றுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வெளிச்சத்தை மாற்றுங்கள், தோலை விட்டுவிடுங்கள். நீட்டுக் கம்பியைச் சுருளில் வைத்தபடியே செருகாதீர்கள், முழுக்க அவிழ்க்காவிட்டால் சூடேறும்.

வெளியூர் வாய்ப்பு பிறகு வரட்டும். ஜே.கே.கே.என். என்கிற பண்பாடு கலைத் துறைக்கு மாநிலந்தோறும் அலுவலகம் உண்டு. அது நடத்தும் மலேசிய நாடக விழாவுக்கு மகளை அழைத்துப் போய்ப் பார்க்க வையுங்கள், மலாய் நாடகம் என்றாலும் மேடைப் பழக்கம் கண்ணில் ஏறும். வீட்டில் ஆறாம் ஆண்டில் தம்பி தங்கை இருந்தால் அரசாங்கக் கலைப்பள்ளி பற்றிக் கேட்டு வையுங்கள், முதல் இரண்டும் 2007-ல் ஜொகூரிலும் சரவாக்கிலும் தொடங்கின, நாடகமும் அங்கே ஒரு துறை. கோலாலம்பூர் செந்தூலில் 2005-ல் திறந்த கலையரங்கத்தில் இளையோர் நாடகக் குழு இருக்கிறது, அங்கே உறவினர் வீடு இருந்தால் விடுமுறையில் யோசிக்கலாம். பள்ளிப் படிப்பு முடித்து இதையே படிக்க நினைத்தால் அஸ்வாரா என்கிற அரசாங்கக் கலைக்கழகம், பினாங்கு யூ.எஸ்.எம்., யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அஸ்வாராவில் நடித்துக் காட்டச் சொல்வார்கள், மலாயில் பேச வரவேண்டும்.

'எங்கள் பள்ளியில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது' என்று யாராவது கீழே எழுதுவீர்கள். நடந்தால் சந்தோஷம், எந்தப் பள்ளி என்றும் எழுதுங்கள், இவர் மகள் போய்ப் பார்க்கட்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஒத்திகை முடிய ஆறரை ஆகும், பள்ளி வேன் இரண்டு மணிக்கே போயிருக்கும். பெண் பிள்ளைகள் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான், ஆர்வம் குறைந்து அல்ல. நடிகர் பட்டியல் போடுவதற்கு முன்னாலேயே வேன்காரரிடம் பேசி, வாரம் இரண்டு நாள் மாலை நடைக்குப் பத்துப் பேர் பங்கு என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.