உமரி நட்டால் மண்ணிலுள்ள உலோகம் குறையுமா?

கேள்வி: சேலம் நகரைத் தாண்டி, திருமணிமுத்தாற்றின் கரையில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உள்ளது. கிணற்று நீர் உப்பாகிவிட்டது. சாயக்கழிவும் சாக்கடையும் கலந்த ஆற்றுநீர் பல ஆண்டுகள் பாய்ந்த வயல் என்பதால், மண்ணில் உலோகம் சேர்ந்திருக்குமோ என்று அஞ்சுகிறேன். கடலோர உப்பு நிலத்தில் வளரும் உமரிச் செடி உலோகத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்கள். அதை ஓராண்டு வளர்த்துவிட்டு, பிறகு கீரை விதைக்கலாமா?

பதில்: உமரி உங்கள் நிலத்தின் உப்பைத் தாங்கி வளரக்கூடும், ஆனால் உலோகத்தை அகற்றும் வேலையை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். கடலோரச் சேற்று நிலத்தில் வளரும் பல செடிகள் தம் வேர் வழியாக ஆக்ஸிஜனைக் கசியவிடுவதால், வேரைச் சுற்றி இரும்புத் துருப்படலம் படிகிறது. துத்தநாகம், ஈயம் போன்றவற்றில் ஒரு பகுதி அதில் ஒட்டிக்கொள்ள, மேலும் ஒரு பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது. இலைக்கு ஏறுவது பெரும்பாலும் சிறிதளவுதான். நாம் அறுத்து அகற்றுவதோ இலையையும் தண்டையும் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மேல்மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடையிருக்கும். அதில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியம் என்னும் நச்சு உலோகம் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 1,800 கிராம். அறுவடையில் 2,000 கிலோ உலர்ந்த உமரி கிடைத்து, அதிலும் கிலோவுக்கு 2 மில்லிகிராம் இருந்தால், ஓராண்டில் வெளியேறுவது 4 கிராம்தான்.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கிணற்று உப்பைப் பற்றியே. உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை மண்கரைசலில் கரைந்த நிலையிலேயே வைத்திருப்பதால், பயிர் அதை எளிதாக எடுத்துக்கொள்கிறது. கீரைகளோ மற்றப் பல பயிர்களைவிட அதிகமாக எடுப்பவை. இலைக்கீரையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியம்தான் சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவு. ஆகவே பரிசோதனை முடியும்வரை கீரை விதைக்காதீர்கள். சாம்பல் சத்து இட வேண்டியிருந்தால், குளோரைடு உள்ள மியூரேட் ஆப் பொட்டாஷைத் தவிர்த்து சல்பேட் ஆப் பொட்டாஷ் இடுங்கள். நன்கு மக்கிய தொழுவுரம் உலோகத்தைப் பிடித்துவைக்க உதவும்.

வயலில் பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டி, கிணற்று நீரோடு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுசென்று, காட்மியம், ஈயம், நிக்கல், குரோமியம் பார்க்க எங்கே அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் இவை வருவதில்லை. துத்தநாகப் பூச்சுள்ள தட்டில் மண்ணைக் கலக்க வேண்டாம். சேலத்து வெள்ளைக்கல் பகுதிப் பாறையிலேயே நிக்கலும் குரோமியமும் இயல்பாக மிகுதி என்பதால், அவை கூடியிருந்தால் ஆற்றை மட்டும் காரணமாகக் கொள்ள இயலாது.

அதுவரை நிலம் தரிசாகக் கிடக்க வேண்டியதில்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் பயிராகும் அரளி உப்பையும் வறட்சியையும் தாங்கும். உண்ணும் பொருள் அல்லாததால் உலோகம் உணவில் சேரும் அச்சமும் இல்லை. அரளி முழுச்செடியும் நஞ்சு என்பதால், கவாத்துக் கழிவை ஆடு மாடு எட்டாத இடத்தில் போடுங்கள்.