வீட்டு ரோஜா: கேள்வியும் பதிலும்

அண்ணாச்சி, கடையில் எல்லா நிறத்திலும் ரோஜா கிடைக்கிறதே, வீட்டில் ஏன் இத்தனை பாடு? (பாளையங்கோட்டை)

மணத்துக்காகத்தான். கடைக்கு வரும் நீளக்காம்பு ரோஜா, வண்டியில் கசங்காமல் பல நாள் தாங்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ரகம். பெரும்பாலும் அதில் வாசம் இருக்காது. பன்னீர் ரோஜா நேர் எதிர். இதழ் மெல்லிசு, பறித்தால் சீக்கிரம் உதிர்ந்துவிடும், ஆனால் ஒரு பூ போதும், அறையே மணக்கும். அந்த வாசம் ஒரு எண்ணெய், வெயில் ஏற ஏற ஆவியாகிவிடும். அதனால் விடிந்த கையோடு பறிக்க வேண்டும், அதற்குச் செடி வாசலில் நின்றால்தான் முடியும். முதல் செடி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் நான் பன்னீர் ரோஜாவைத்தான் சொல்வேன். குச்சி நட்டாலே வேர் பிடிக்கும்.

துளிர் இலை மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கு. உரம் போட்டும் மாறவில்லை. (வள்ளியூர்)

போர் தண்ணீர்தானே ஊற்றுகிறீர்கள், அக்கா? தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா பாருங்கள். உவர் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை கூடிவிட்டால், இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. உரத்தைக் கூட்டினால் உப்புதான் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை வெளியே வைத்து நன்றாக நனைய விடுங்கள், உப்பு அடிவழியே கழுவிப் போய்விடும். தொட்டியின் அடித் துளை அடைபடாமல் இருக்கட்டும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். மக்கிய சாணமும் சேருங்கள்.

செடி ஆள் உயரம் வளர்ந்திருக்கு, உச்சியில் ஒன்றிரண்டு பூதான். வெட்ட மனசு வரவில்லை. (கயத்தாறு)

வெட்டுங்கள், தம்பி! ரோஜா புதுக்கிளையில்தான் பூக்கும். கத்திரி வெயிலில் கை வைக்காதீர்கள், அக்டோபர் வாக்கில் கவாத்து செய்யுங்கள். காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டு, மிச்சக் கிளைகளைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். இலைக்காம்பு ஒட்டும் இடத்தில் சிவப்பாக ஒரு சின்ன மொட்டுக்கண் தெரியும். வெளிப்பக்கம் பார்த்த கண்ணாகத் தேடி, அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். கத்தரி கூர்மையாக இருக்கட்டும், நசுங்கின தண்டு நுனியிலிருந்து கருகி இறங்கும். பிறகு தினமும் கண்ணைப் போய்ப் பாருங்கள். அது உப்பி, செம்பு நிறத்தில் துளிர்விட்டு, ஒன்றரை மாதம் போல ஆனதும் மொட்டு வைக்கும். ரோஜா வளர்ப்பதில் எனக்குப் பூவை விடப் பிடித்தது இந்தத் துளிர்தான்.

ஒட்டுச்செடியானால் இன்னொன்று. ஒட்டுக்குக் கீழேயிருந்து கொழுகொழுவென்று வேகமாக வரும் கிளை காட்டு ரோஜா. அடியோடு எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மேலே இருக்கும் நல்ல ரகத்தை அது அமுக்கிவிடும்.

சாரல் காலத்தில் இலையில் கரும்புள்ளி வந்து கொட்டுகிறது. (குற்றாலம்)

இலை ஈரம் காயாமல் இருந்தால் அந்தப் பூஞ்சணம் வரத்தான் செய்யும். செடிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். தண்ணீரைத் தூரில் மட்டும் ஊற்றுங்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போட வேண்டாம்.

இலை ஓரத்தை யாரோ வளையலால் வெட்டினதுபோல அரைவட்டமாக வெட்டியிருக்கு. என்ன மருந்து? (தென்காசி)

மருந்தே வேண்டாம், மதினி. அது இலைவெட்டித் தேனீ. வெட்டின துண்டைத் தின்னாது, சுருட்டிக் கொண்டுபோய்க் குஞ்சுக்கு அறை கட்டும். காலையில் கொஞ்சம் பொறுமையாக நின்றால், பச்சைத் துண்டை வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டு பறப்பதைப் பார்க்கலாம். செடிக்கு ஒரு குறையும் வராது.

குல்கந்து வீட்டில் போடலாமா? (அம்பாசமுத்திரம்)

தாராளமாக. பன்னீர் ரோஜா இதழைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்துங்கள். இதழ் எடைக்கு எடை பொடித்த கல்கண்டு எடுத்து, கண்ணாடிக் குப்பியில் மாற்றி மாற்றி அடுக்கி வெயிலில் வையுங்கள். தினமும் உலர்ந்த கரண்டியால் கிளறுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று வாரத்தில் இளகிச் சேர்ந்துவிடும். பூச்சிமருந்து அடித்த செடியின் பூ மட்டும் கூடவே கூடாது.