வயலை விற்காதீங்க, தங்கச்சி

போன சனிக்கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாயும் மகளும், அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்க என்னிடம் வந்திருந்தார்கள். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. வைத்தியத்துக்கு இசட் புள்ளி எட்டவில்லை. லண்டன் மாமா வெளிநாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியைப் பார்த்து வைத்திருக்கிறார். படுவான்கரை வயலில் இரண்டு ஏக்கரைக் கொடுத்தால் முதல் வருடக் காசு வந்துவிடுமாம். தாய் அழுதார். தேத்தண்ணி கொடுத்து ஆறுதல் சொன்னேன். ஆறுதல் அவ்வளவுதான்.

தங்கச்சி, முதல் வருடத்துக்கு வயல் சரி, இரண்டாம் வருடத்துக்கு எதை விற்பீர்கள்? வெளிநாட்டில் முடித்து வருகிறவர்கள் இங்கே ஈ.ஆர்.பி.எம். என்ற வைத்தியர் பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் பயிற்சி வைத்தியராகலாம். மாமா அதைச் சொன்னாரா? வைத்தியம் யாருடைய ஆசை என்று நான் கேட்டபோது, பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்த்தாள்.

அவள் வேறொன்று சொன்னாள். வெள்ளம் வடிந்தபின் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிணற்றுக்குக் குளோரின் போட வந்தபோது, விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து, எத்தனை கிராம் பிளீச்சிங் பவுடர் என்று தானே கணக்குப் போட்டு அவரோடு வாதாடியிருக்கிறாள். கக்கூஸ் கழுவும் அசிட்டோடு அதே பவுடரை நீங்கள் கலக்கப்போக, வாளியைப் பறித்ததும் அவள்தான். "வாய்க்காரி" என்று நீங்கள் முறைப்பட்டீர்கள். நான் அதைத் தகுதி என்று குறித்துக்கொண்டேன்.

ஆசிரியம், தாதியம், வங்கி எல்லாம் ஊரே சொல்லும். நான் சொல்வது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இரசாயனப் பாதுகாப்பும் அவசரகாலத் திட்டமிடலும்.

உங்கள் வாளியில் நடக்க இருந்தது 2016 அக்டோபரில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து அட்சிசனில் ஓர் ஆலையில் பெரிதாக நடந்தது. பவுசரில் வந்த சல்பூரிக் அமிலம் தவறான குழாய்வழியே சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் திரவம்) தாங்கிக்குள் போய்விட்டது. குளோரின் புகை ஊருக்குள் பரவி, 140க்கு மேற்பட்டோர் வைத்தியம் தேடிப் போனார்கள். கழிவுநீர் நிலையங்களிலும் ஹைப்போகுளோரைட்டும், அமிலத்தன்மையுள்ள பெரிக் குளோரைட்டும் ஒரே வளவில் இருக்கும். இரண்டையும் எங்கே பிரித்து வைப்பது, எந்தக் குழாய் வாய்க்கு எந்தப் பூட்டு, தமிழிலும் சிங்களத்திலும் என்ன எழுதுவது என்பதையெல்லாம் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

அடுத்தது கழிவுநீர் சேரும் பம்பிக் குழி. ஐதரசன் சல்பைட்டுக்கு அழுகிய முட்டை மணம். ஆனால் மில்லியனில் 100 பங்களவில் மூக்கு மரத்துப்போகும். மணம் போய்விட்டது என்று இறங்குகிறவன்தான் சாகிறான். காப்பாற்றப் போகிறவனும் சேர்ந்தே போவான். 2018இல் ஹொரணை இறப்பர் தொழிற்சாலையொன்றில் அமோனியாத் தாங்கியில் ஐந்து பேர் இறந்ததில், விழுந்தவரைத் தூக்கப் போனவர்களும் இருந்தார்கள். அதனால்தான் இறங்குமுன் வாயு அளக்கும் மீற்றரை விட்டு ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லையா, ஐதரசன் சல்பைட், மெதேன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேலே நிற்பவர் என்ன நடந்தாலும் உள்ளே இறங்கக்கூடாது. கயிற்றால்தான் இழுக்க வேண்டும். இதை எழுதிவைத்தால் மட்டும் போதாது, ஆட்களைப் பழக்கவும் வேண்டும். வாய்க்காரிக்கு ஏற்ற வேலை.

குளோரின் வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், தாழ்ந்த இடத்தில் படுக்கும். ஆகவே அவசரத்தில் ஆட்கள் கூடுமிடம் மேட்டில், காற்று வரும் பக்கமாக இருக்க வேண்டும். நம்மூரில் கச்சான் காற்று வீசும்போது ஓடவேண்டிய பக்கம் வேறு, வாடைக்கு வேறு. கொழும்பிலிருந்து வரும் மாதிரித் திட்டத்தில் இது இருக்குமா?

வழி இதுதான். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பிரயோக விஞ்ஞான பீடத்திலோ இரசாயனவியலோடு ஒரு விஞ்ஞானப் பட்டம். கட்டணம் இல்லை; விடுதி, பஸ், சாப்பாட்டுச் செலவுதான். பிறகு 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழிற்பாதுகாப்பு சுகாதார நிறுவனத்தில் டிப்ளோமா. வளைகுடா போக விரும்பினால் நெபோஷ் என்ற பிரித்தானியத் தொழிற்பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதைப் பட்டத்துக்குப் பிறகு, அவளுடைய சம்பளத்தில் செய்யட்டும். இப்போதே காசு கேட்டு வருகிற ஏஜென்ட்டை வாசலோடு அனுப்புங்கள்.

நீர் வழங்கல் சபையில் வெற்றிடம் நினைத்த நேரம் வராது, அது உண்மை. ஆனால் ஆடைத் தொழிற்சாலை, பெரிய ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டிய இடங்கள் பல. "பொம்பிளைப் பிள்ளைக்குக் கக்கூஸ் தண்ணி வேலையா?" என்று சொந்தம் சிரிக்கும். சிரிக்கிறவர்கள் யாரும் உங்கள் வட்டியைக் கட்டப்போவதில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை அவளே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். மாமாவின் இலக்கத்தை அனுப்புங்கள், லண்டனில் விடிந்ததும் நானே எடுத்துப் பேசுகிறேன்.