சீஸ் வாங்குவோர் கேள்வி-பதில்: இத்தாலியப் பெயர், பச்சைப் புள்ளி, பாமாயில்

கேள்வி: குன்னூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள் பொறியாளர் நான். இணையக் கடை ஒன்றில் ‘அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ’ சீஸ் என்று போட்டிருந்ததை நம்பி, 200 கிராம் துருவல் பாக்கெட்டை 890 ரூபாய்க்கு வாங்கினேன். அம்மா சைவம் என்பதால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பாக்கெட்டின் பின்புறத்தில் பாமாயில், மாவுச்சத்து என்று அச்சாகியிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயர் இத்தாலியின் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்களுக்கும், பொலோன்யா, மாந்துவா மாவட்டங்களின் ஒரு பகுதிக்கும் மட்டுமே உரியது. பால், உப்பு, பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் அதில் சேரக் கூடாது. குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கர வடிவக் கட்டிக்கு 550 லிட்டர் அளவுக்குப் பால் தேவைப்படுகிறது. கன்றின் ரென்னெட் இல்லாமல் அந்தப் பெயர் இல்லை என்பதால், அந்தப் பெயரும் பச்சைப் புள்ளியும் ஒரே பாக்கெட்டில் இருந்தாலே இரண்டில் ஒன்று பொய். பாமாயில் இருப்பதால் உங்களுடையதில் பெயர் பொய் என்பது உறுதி.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் நீலகிரி மலையில் இந்த அநியாயம் இணையத்தோடு நிற்பதில்லை. பெரிய சீஸ் கட்டியை வாங்கி, வெட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பேனாவால் பெயர் எழுதி ஒட்டி, சுற்றுலாப் பயணிகளிடம் விற்கும் கடைகள் இருக்கின்றன. உதகையில் அப்படியொரு கடையில் ‘க்ரூயேர்’ என்ற சுவிஸ் சீஸின் பெயர் எழுதிய துண்டு ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அசல் க்ரூயேர் சூட்டில் இளகி, இழுத்தால் நூலாக வரும். இதுவோ சூடாக்கியதும் எண்ணெயைத் தனியே கக்கிவிட்டு, கரண்டியில் ரப்பர்த் துண்டைப் போலச் சுருண்டு நின்றது. தயாரித்தவர் யார், எந்த நாடு, என்ன சேர்ந்திருக்கிறது, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று அறிந்துகொள்ள அந்தத் துண்டில் ஒரு வரிகூட இல்லை. உணவு உரிமத்தின் 14 இலக்க எண்ணும், இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லாத பொதியை, எவ்வளவு அழகான பெயர் எழுதியிருந்தாலும் தொடாதீர்கள். சேர்மானப் பட்டியல் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்கும் வரிசையில் இருக்கும். எனவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். நம் ஊரிலேயே செய்த கௌடா வகைச் சீஸை ‘நீலகிரி கௌடா’ என்று சொல்லி விற்பதில் ஒரு குற்றமும் இல்லை, நானே விரும்பி வாங்குகிறேன். ‘கௌடா ஹாலந்து’ என்று எழுதினால்தான் அது நெதர்லாந்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

நீங்கள் வாங்கிய பக்கத்தையும் பாக்கெட்டின் இருபுறத்தையும் படமெடுத்து, இணையக் கடையின் குறைதீர் அலுவலருக்கு இன்றே எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். நழுவினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: கமம்பேர் சீஸின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த வெண்தோல்தான் கமம்பேர்; தோலோடு சாப்பிடுங்கள்.

கேள்வி: பாதி விலை என்றதால் 3 கிலோ ப்ரீ (Brie) வகைச் சீஸ் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் நான்கு நாளில் காலாவதி. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: தேதி அட்டையில்தான் இருந்தது, பாதி விலைக்குக் காரணமும் அதுவே. மூன்று கிலோ வாங்கும்போது அரை நிமிடம் செலவிட்டுப் படிக்க முடியாதா? கடைக்காரர் மீது தவறில்லை. அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்ந்து கொடுங்கள்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். இறக்குமதி உணவு விற்கும் கிளையன்ட் ஒருவருக்கு எங்கள் குழு செயலி செய்கிறது. இந்த ஸ்பிரிண்டில் (வேலைச் சுற்றில்) எனக்கு வந்த டிக்கெட்டின்படி (பணிக் குறிப்பின்படி), கையிருப்பு எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு சீஸின் கீழும் ‘இன்னும் 2 மட்டுமே’ என்று காட்ட வேண்டும். 49 ரூபாய் பரிசுப் பொதியை முன்கூட்டியே டிக் செய்து வைக்க வேண்டும். கேட்டதைச் செய் என்கிறார் மேலாளர்.

பதில்: செய்யாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. அதில் முதலாவது பொய்யான அவசரம், இரண்டாவது கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது. உங்கள் டிக்கெட்டில் இரண்டும் இருக்கின்றன. இதை மேலாளரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாமல் டிக்கெட்டின் கீழேயே எழுதி வையுங்கள். எண்ணை உண்மையான கையிருப்போடு இணைத்து, டிக் இல்லாத பெட்டியைத் தருவதாக மாற்று வழியும் சொல்லுங்கள். மேலே எழுதிய குன்னூர்க்காரரைப் போன்றவர்கள் ஏமாறாமல் இருப்பது உங்கள் கையிலும் இருக்கிறது.

கேள்வி: அலுவலகத்தில் எட்டுப் பேர் சொந்தப் பணம் போட்டு, ஓய்வு பெறும் சக ஊழியருக்காக பெங்களூரிலிருந்து சீஸ் பெட்டி வரவழைத்தோம். ஐஸ் பொதி இல்லாமல் வந்தது. மேட்டுப்பாளையத்தில் இரண்டு நாள் கிடந்ததாம்; எல்லாம் உப்பி நாறிவிட்டன. ‘அழுகும் பொருளுக்குப் பணம் திரும்பாது’ என்கிறார்கள்.

பதில்: பாவம், பெட்டியைத் திறந்தபோது உங்கள் அனைவருக்கும் எப்படி இருந்திருக்கும்! அவர்கள் சொல்லும் நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை, உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. பணம் செலுத்தியவர் பெயரில் மனு இருக்கட்டும். பெட்டியை எறிவதற்கு முன் கூரியர் ஒட்டிய தேதிச் சீட்டு தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.