மறு: பிளஸ் டூ மார்க் வந்ததிலிருந்து மகன் பேசுவதே இல்லை

சகோதரி, "நீ கெட்டிக்காரன், அடுத்த தடவை சாதிச்சிடுவே" என்று தினமும் தைரியம் சொல்லியும் மகன் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்தத் தைரியத்தில்தான். சாதித்தால்தான் மதிப்பு என்றுதான் அவன் காதில் விழும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய ஒரு கட்டுரையில் வலியுறுத்தியவற்றில் முக்கியமானவை நிபந்தனையற்ற ஏற்பு, பரிவோடு புரிந்துகொள்ளுதல், பாசாங்கில்லாமை. அது மனநல ஆலோசகர்களுக்காக எழுதியது, வீட்டிலும் பொருந்தும்.

சாப்பாட்டு நேரத்தில் மார்க், கவுன்சலிங், பக்கத்து வீட்டுப் பிள்ளை எதையும் எடுக்காதீர்கள். "எல்லாம் வேஸ்ட்" என்றால், "இவ்ளோ படிச்சும் இப்படி ஆயிடுச்சேன்னு வெறுத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் கஷ்டம். பலர் சொதப்புவது இங்கேதான்: "புரியுதுப்பா, ஆனா..." அந்த 'ஆனா' முன்னால் சொன்னதை அழித்துவிடும். அவன் வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னாலும் கேலி மாதிரி இருக்கும். "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லலாம், "உன்னாலதான்" வேண்டாம்.

விடியவிடிய போனுக்கு வரம்பு வைக்கலாம், அதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது.

தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ இதெல்லாம் போதாது. உடனே டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு.