சுசுகி சாமுராய் ஜீப்புக்கு 4.16 கியர் போதும்

31 இன்ச் டயர் போட்ட பிறகு பாறையில் லோ ரேஞ்சின் முதல் கியரிலும் வண்டி பாய்கிறது, கிளட்ச் கருகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, லோ விகிதம் 4.16 ஆகும் கியர் செட்டா, 6.5 ஆகும் செட்டா என்பதுதான் கேள்வி. தினமும் சாலையிலும் ஓட்டுகிற 1.3 சாமுராய் என்றால் தயங்காமல் 4.16 வாங்குங்கள்.

கம்பெனி கொடுத்த லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டுவதற்கானது) விகிதம் 2.268. முதல் கியர் 3.652, ஆக்ஸிலில் உள்ள டிஃபரன்ஷியல் 3.73 என்பதால் மூன்றையும் பெருக்கினால் மொத்தக் குறைப்பு ஏறக்குறைய 31 மடங்கு. லோ 4.16 ஆனால் அது 57-ஐ நெருங்கும். கிளட்சைத் தொடாமலே பாறை மேல் ஊர்ந்து போகலாம். சாலையில் ஓட்டும் ஹை ரேஞ்சும் 12 சதவீதம் லோ பக்கம் இறங்கும் (வேகம் குறைந்து இழுவை கூடும்). பெரிய டயர் தின்ற இழுவையில் பெரும்பகுதி அதில் திரும்பிவிடும், ஐந்தாவது கியரும் மறுபடி உபயோகப்படும். 6.5 பாறைக்கென்றே ஒதுக்கிய வண்டிக்கானது.

இந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகத் தொங்குவதால் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டியதில்லை. திறந்ததும் திறந்தீர்கள், பேரிங், சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மூடும் முன் கையால் சுற்றி, பல் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

கேஸைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கூடுதல் டார்க்கில் பழைய ரப்பர் கிழிந்து கேஸே திரும்பும், ஷாஃப்ட் கோணம் கெடும். அப்புறம், முன் ஆக்ஸில் ஜாயின்ட்டுகளும் தாங்க வேண்டுமே: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபடி ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள்.

ஸ்பீடோமீட்டர் கேஸின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து ஓடுவதால் கியர் மாற்றம் அதைப் பாதிக்காது; டயரால் வந்த பிழை அப்படியே இருக்கும்.