ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலை நிறுத்த வேண்டாம்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். தாம்பரம் அருகே சொந்த ஃபிளாட். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 88,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 31,000. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். ஹோட்டல் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 14,000 ரூபாய்க்கு மேல் போகிறது. ஞாயிறுதோறும் குடும்பமாக வெளியே சாப்பிடுகிறோம். ஒரு முறைக்கு ஏறக்குறைய 1,600 ஆகிறது. வார நாள்களில் முடியாதபோது செயலியில் ஆர்டர் செய்கிறோம். மாதம் பதினான்கு முறையாவது வரும், ஒவ்வொன்றும் 550 ரூபாய் அளவில். தள்ளுபடி கிடைப்பதால் கிரெடிட் கார்டில் கட்டுகிறோம். கார்டில் 38,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறோம். வங்கியில் 60,000 ரூபாய் எஃப்டி இருக்கிறது. இனி ஹோட்டலே வேண்டாம் என்கிறார் கணவர். அடுப்படியிலிருந்து எனக்குக் கிடைக்கும் ஓய்வே அந்த ஞாயிறுதான். போன வாரம் பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு போட்டிருந்தார்கள். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, தாம்பரம்

பதில்: சகோதரி, ஹோட்டலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கார்டு பாக்கியைப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான்.

பெரும்பாலான கார்டுகளில் நிலுவைக்கு மாதம் மூன்றிலிருந்து மூன்றே முக்கால் சதவீதம் வரை வட்டி. மூன்றரை என்று வைத்துக்கொண்டாலும் 38,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,330 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,570 ரூபாயைத் தொடும். உங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் விலையை ஒவ்வொரு மாதமும் எதையும் உண்ணாமலேயே வங்கிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பாக்கி முழுவதும் தீராதவரை, புதிதாகக் கார்டைத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லாத நாள்கள் கிடையாது. அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். பிறகு அந்தத் தள்ளுபடியால் என்ன பயன்?

எனவே இந்த வாரமே எஃப்டியை முறித்து 38,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். முன்கூட்டியே எடுப்பதற்கு வங்கி வட்டியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், பரவாயில்லை. ஆண்டுக்கு ஏழு சதவீதம் ஈட்டும் பணத்தைப் பூட்டிவைத்துவிட்டு, நாற்பதுக்கு மேல் வட்டி கட்டுவதில் எந்தக் கணக்கும் இல்லை. மீதி 22,000 ரூபாயை அவசரத் தேவைக்காக மறுபடியும் எஃப்டியில் போடுங்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் கணவர் நிறுத்தச் சொல்வது ஞாயிற்றுக்கிழமையை. ஆனால் நீங்கள் தந்திருக்கும் எண்களைப் பெருக்கிப் பாருங்கள்: ஞாயிறு நான்குக்கும் 6,400 ரூபாய், வார நாள் ஆர்டர்களுக்கு 7,700 ரூபாய். பெரிய செலவு வார நாள்களில்தான் இருக்கிறது. ஞாயிறன்று நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள், நீங்கள் ஓய்வெடுக்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு பலன் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்குக் களைப்பில் வரவழைக்கும் பார்சலில் யாருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி இருப்பதாகத் தெரியவில்லை. வெட்ட வேண்டியது அதை.

அந்தப் பார்சல் ஏன் 550 ஆகிறது என்று பாருங்கள். பல உணவகங்கள் செயலிக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால், அங்கே விலையைக் கடை விலையைவிடக் கூட்டியே வைக்கின்றன. அதன் மேல் பேக்கிங் கட்டணம், டெலிவரி கட்டணம், உணவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, செயலி தனக்கென்று வாங்கும் தளக் கட்டணம். 2023-ல் இரண்டு ரூபாயாகத் தொடங்கிய தளக் கட்டணம் இன்று பத்து ரூபாயைத் தாண்டி நிற்கிறது. தள்ளுபடிக்கான குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காக, யாரும் கேட்காத ஒரு குலாப் ஜாமூனையும் சேர்ப்போம். நீங்கள் வழக்கமாக வாங்கும் ஏதாவது ஓர் உணவின் விலையைக் கடையின் விலைப்பட்டியலிலும் செயலியிலும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதினான்கு ஆர்டர்களை நான்காகக் குறையுங்கள். மீதிப் பத்து இரவுகளுக்கும் நீங்கள் அடுப்படியில் நிற்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் இரண்டாவது வாரமே பழைய வழக்கம் திரும்பிவிடும். குக்கரில் சோறு மட்டும் வீட்டில் வையுங்கள். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் தனித்தனியாக விற்கும் கடைகள் இன்று சென்னைப் புறநகரெங்கும் இருக்கின்றன. இரண்டு வகை வாங்கினால் நால்வருக்குப் போதும். இன்னொரு நாள் மாவு பாக்கெட், முட்டை, பொடி. கணவர் ரயிலில் வருபவரானால் நிலையத்திலிருந்து வரும் வழியில் அவரே வாங்கி வரலாம். சிக்கனம் வேண்டும் என்று கேட்பவர் அவர். வாரத்தில் இரண்டு இரவுச் சமையலை அவர் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம் என்பது என் கருத்து. இப்படி ஓர் இரவு 160 ரூபாய்க்குள் முடிந்தால், பத்து இரவுகளில் 3,900 ரூபாய் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமையிலும் கொஞ்சம் குறைக்கலாம், மகிழ்ச்சி குறையாமல். பில்லைக் கூட்டுவது பெரும்பாலும் சாப்பாடு அல்ல. முதலில் வரும் ஸ்டார்ட்டர்களும் கடைசியில் வரும் ஜூஸும் ஐஸ்கிரீமும். ஒரு சூப்பை இருவருக்குப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முழுச் சாப்பாடு வாங்கி மிச்சம் வைப்பதைவிட, மினி சாப்பாடு இருந்தால் அதை வாங்குங்கள். பல சைவ ஹோட்டல்களில் ஏசி அறைக்குத் தனி விலைப்பட்டியல் உண்டு. ஏசி என்றால் வரி அதிகம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீத ஜிஎஸ்டிதான். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள அறைகள் கொண்ட பெரிய ஹோட்டல்களின் உணவகங்களில் 18 சதவீதம். ஆகவே ஏசிக்காகக் கூடுதலாகக் கொடுப்பது கடைக்காரர் வைக்கும் விலை. மே மாதத்தில் கொடுங்கள், மார்கழியில் வேண்டாம். காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் ஏற்பாடு) இருக்கும் சிறிய உணவகங்கள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் அரசு வரி அல்ல, உணவகம் தானாகச் சேர்ப்பது. அதைத் தானாகவோ, வேறு பெயரிலோ பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே பணம் கட்டும் முன், குரலை உயர்த்தாமல், அதை நீக்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் செய்யுங்கள். அதே நேரம், உங்களுக்குப் பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையிலேயே டிப்ஸ் கொடுங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் அவர்கள். சிக்கனத்தை அவர்களிடம் காட்ட வேண்டாம்.

இவற்றையெல்லாம் செய்தால் ஞாயிறு பில் 1,300 ரூபாய்க்கு வந்துவிடும். நான்கு வாரத்தில் 1,200 ரூபாய் மிச்சம். மொத்தத்தில் மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையாது. கார்டு வட்டி நின்றது தனி.

அந்த 5,000 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சட்டும் என்று விட்டால் மிஞ்சாது. முதல் எட்டு மாதங்களில் எஃப்டியிலிருந்து எடுத்த பணம் திரும்ப நிரம்பிவிடும். ஒன்பதாவது மாதத்திலிருந்து அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். 6.7 சதவீத வட்டியில், மாதம் 5,000 ரூபாய் ஐந்து ஆண்டுகளில் சுமார் 3,56,800 ரூபாய் ஆகும்; நீங்கள் கட்டியிருப்பது 3,00,000. பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும்.

கார்டை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாதாமாதம் முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் படிவத்தில் குறைந்தபட்சத் தொகை, முழுத் தொகை என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், இரண்டாவதில் குறியிடுங்கள்.